மீட்டரில் விளக்கு எரிகிறதா? பட்டறைக்குப் போகும் முன் வீட்டு வாசலிலேயே பார்க்க வேண்டியவை

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை காரை எடுத்தேன். மற்ற விளக்குகளெல்லாம் அணைந்த பிறகும் மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதிக்கானது) மட்டும் அணையவில்லை. பட்டறையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தவர், "சார், பின்னாடி லெஃப்ட் வீல் சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம்" என்றார். மாற்றினோம், பணமும் கட்டியாயிற்று. வீடு வந்து சேர்வதற்குள் விளக்கு மறுபடி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்சக்கரத்துக்கு உட்புறம் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சென்சாருக்குப் போகும் ஒயரை எலி கடித்து வைத்திருந்தது.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. "இந்தச் சக்கரத்திலிருந்து தகவல் வரவில்லை" என்றுதான் அது சொன்னது. அதை "சென்சார் கெட்டுவிட்டது" என்று படித்தது நாங்கள். அன்றிலிருந்து எந்த விளக்கு எரிந்தாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறேன்: இந்த விளக்கை எரியவைப்பது எது? அழுத்தமா, அளவா, சூடா, வோல்டேஜா? அது தெரிந்தால் எங்கே பார்ப்பது, எதைத் தொடக் கூடாது என்பது தானாகப் புரியும்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு டார்ச், டயர் காற்று அளக்கும் கேஜ், மல்டிமீட்டர், 10ஆம் நம்பர் ஸ்பேனர், பழைய துணி, அப்புறம் ஒரு ஓபிடி புளூடூத் அடாப்டர் (காரின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனுக்கு அனுப்பும் சின்னக் கருவி). வண்டியோடு கொடுத்த கையேடும் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமலேயே கிடக்கும்; இன்றாவது பிரியுங்கள்.

முதலில் சாவியை மட்டும் திருப்புங்கள்

என்ஜினைக் கிளப்பாமல் சாவியை 'ஆன்' வரை மட்டும் கொண்டுபோங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலும் அந்த நிலைக்கு வரும். இப்போது முக்கியமான எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரு தடவை எரிய வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் சில நொடிகளில் அணையும். ஆயில், பேட்டரி, செக் என்ஜின் மூன்றும் என்ஜின் கிளம்பும்வரை எரியும். இது கோளாறு இல்லை, வண்டி தன் விளக்குகளைத் தானே சோதித்துக்கொள்கிறது.

எரிய வேண்டிய விளக்கு எரியாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. செக் என்ஜின் அல்லது ஏர்பேக் விளக்கின் இணைப்பைத் துண்டித்துவிட்டு "மீட்டர் சுத்தமா இருக்கு சார்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து நிறம். சிவப்பு என்றால் ஓரம்கட்டி நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் பெரும்பாலும் ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் பார்க்க வேண்டும். பச்சையும் நீலமும் வெறும் தகவல். நீலம் பெரும்பாலும் ஹை பீம். சில சின்ன கார்களில் சூட்டுக்கு முள் கிடையாது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீலத் தெர்மாமீட்டர் எரிந்து, சூடானதும் அணைந்துவிடும். காலையில் அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

விளக்கை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது வந்தது, மழையிலா, மேடு ஏறும்போதா, ஸ்பீட் பிரேக்கர் தாண்டியதுமா என்று ஒரு வரி குறித்து வையுங்கள்.

ஆயில் விளக்கு

அலாவுதீன் விளக்கு மாதிரி இருக்கும், மூக்கில் ஒரு சொட்டு தொங்கும். சிவப்பில் இது எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை ஓட்டலாம் என்ற பேச்சே வேண்டாம். நிறுத்தி, என்ஜினை அணைக்க வேண்டும்.

இந்த விளக்கு ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஆயில் பம்ப் தரும் அழுத்தத்தைப் பார்க்கிறது. அழுத்தம் இல்லையென்றால் பேரிங்குகளுக்கு நடுவே ஆயில் படலம் இல்லாமல் இரும்பும் இரும்பும் உரசும். என்ஜினை முழுதாகப் பிரிக்கும் செலவுக்குச் சில நிமிட ஓட்டமே போதும்.

1. வண்டி சமதளத்தில் நிற்கட்டும். என்ஜினை அணைத்து 5 முதல் 10 நிமிடம் பொறுங்கள். மேலே இருக்கும் ஆயில் கீழே இறங்க வேண்டும்.
2. டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவித் துணியால் துடைத்து, முழுதாகச் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். முதல் தடவை உருவும்போது தெரியும் அளவை நம்ப வேண்டாம்.
3. கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால், கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு லிட்டர்கூட இருக்காது. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு.
4. வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். உயரமான ஸ்பீட் பிரேக்கரில் சேம்பர் (என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) அடிபட்டு ஒழுகுவது நம் ஊரில் அடிக்கடி நடப்பது.

அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சென்சாரே கெட்டிருக்கலாம், அது மலிவான பொருள்தான். ஆனால் அதை வீட்டில் யூகிக்க முடியாது. மெக்கானிக் அந்த சென்சாரைக் கழற்றி அதே இடத்தில் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டிப் பார்ப்பார். அப்படிப் பார்க்காமல் "சென்சார்தான் சார், ஓட்டுங்க" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. வளைவில் திரும்பும்போது மட்டும் மின்னி மறைந்தால் பெரும்பாலும் ஆயில் குறைவு. சிக்னலில் சூடாக நிற்கும்போது எரிந்து, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அணைந்தால் பம்போ பேரிங்கோ தேய்ந்திருக்கலாம், அல்லது ஆயில் மெல்லியதாகப் போயிருக்கலாம். இந்த வித்தியாசத்தை மெக்கானிக்கிடம் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

சூட்டு விளக்கு

அலைகளுக்கு மேலே ஒரு தெர்மாமீட்டர், சிவப்பில். உடனே ஏசியை நிறுத்துங்கள். நிறுத்த இடம் கிடைக்கும்வரை ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். சித்திரை வெயிலில் இது தண்டனைதான், ஆனால் என்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு ஓரம்கட்டி அணையுங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அழுத்தத்தில் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் விழுந்து அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பாயும். விசில் அடங்காத குக்கரை யாராவது திறப்பார்களா? குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் துணி வைத்து அழுத்தினால் தளர்வாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிளாஸ்டிக் டேங்கில் மின் (MIN), மேக்ஸ் (MAX) கோடுகளைப் பாருங்கள்.

அளவு குறைந்திருந்தால் எங்கே போனது என்று தேடுங்கள்: ஹோஸ் இணைப்புகள், ரேடியேட்டரின் அடிப்பாகம், வாட்டர் பம்ப் இருக்கும் பக்கம். காருக்குள் முன்பக்க மேட் நனைந்து இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் கோர் (கேபினுக்குச் சூடு தரும் குட்டி ரேடியேட்டர்) ஒழுகுகிறது. வழியில் மாட்டிக்கொண்டால் குடிதண்ணீர் ஊற்றலாம், பாதகமில்லை. என்ஜின் ஆறிய பிறகு மட்டும். போர் தண்ணீரை நிரந்தரமாக ஊற்றி ஓட்டினால் உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும்.

அளவு சரியாக இருக்கிறதா? அப்படியென்றால் ஃபேனைப் பாருங்கள். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டால், பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் ஃபேன் கொஞ்ச நேரத்தில் சுற்றத் தொடங்கும். சுற்றவில்லையென்றால் ஃபியூஸ் பெட்டிக்குப் போங்கள். மூடியின் உட்புறத்தில் எது எதற்கு என்று படம் இருக்கும். எரிந்துபோன ஃபியூஸை அதே ஆம்பியரில் மாற்றுங்கள், பெரியதைப் போடாதீர்கள். ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயும் அந்தப் பெட்டியில்தான்; பக்கத்தில் அதே அளவில் வேறு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டும் பார்க்கலாம். டிராஃபிக்கில் மட்டும் சூடேறி ஹைவேயில் சூடு இறங்கினால் குற்றவாளி பெரும்பாலும் ஃபேன்தான். கைகளைத் தூரமாக வையுங்கள். என்ஜின் அணைந்த பிறகும் அந்த ஃபேன் திடீரென்று சுற்றும்.

டேங்கில் தொடர்ந்து குமிழி வருவது, ஆயில் மூடிக்குள் டீயில் பால் கலந்த மாதிரி படிவது, விடாத வெள்ளைப் புகை: இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்பு) மேல் சந்தேகம். ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நிற்கிறீர்கள் என்றால் உதவிக்கு 1033.

முள்ளை நம்பி ஏமாறுவதும் உண்டு. கூலன்ட் முழுதும் கொட்டிவிட்டால் சென்சார் காற்றில் தொங்கும். முள் சாதாரணமாகவோ தாழ்வாகவோ காட்டிக்கொண்டே இருக்கும், என்ஜின் வெந்துகொண்டிருக்கும்.

பேட்டரி விளக்கு

பெயர் பேட்டரி விளக்கு என்றாலும் அது சொல்வது "சார்ஜ் ஏறவில்லை" என்பதை. பலரும் புது பேட்டரி வாங்கி மாட்டிவிட்டு, மறுநாள் அதுவும் இறங்கி நிற்பதைப் பார்த்து விழிப்பது இதனால்தான்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் தொடுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் பேட்டரி களைத்துவிட்டது. இப்போது ஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள். 13.5க்கும் 14.5க்கும் நடுவே வந்தால் ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) வேலை செய்கிறது. புதிய கார்களில் எரிபொருளை மிச்சப்படுத்த இந்த எண் ஏறி இறங்கும், அதனால் ஹெட்லைட்டைப் போட்டு ஒரு நிமிடம் கவனியுங்கள். 12.5லேயே தங்கி மெல்ல இறங்கினால் சார்ஜ் இல்லை.

பானெட்டைத் திறந்து ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டைப் பாருங்கள், என்ஜினை அணைத்துவிட்டு. அறுந்திருந்தால் ஓட்டாதீர்கள். பல கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது; சில நிமிடங்களில் சூட்டு விளக்கும் துணைக்கு வந்துவிடும்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதை வீட்டிலேயே சரிசெய்யலாம். முதலில் மைனஸ், பிறகு பிளஸ் கழற்றுங்கள். ஆப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்து பழைய டூத் பிரஷால் தேய்த்து, துடைத்து, காயவிடுங்கள். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். இந்த வரிசையை மாற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகலாம்.

ஒரே சமயத்தில் ஏபிஎஸ், ஸ்டியரிங், செக் என்ஜின் என்று கார்த்திகை தீபம் மாதிரி வரிசையாக எரிந்தால் அத்தனையும் ஒரே நாளில் கெட்டுப்போக வாய்ப்புக் குறைவு. முதலில் வோல்டேஜை அளங்கள். பலவீனமான பேட்டரியும் தளர்ந்த எர்த் ஒயரும் இந்த வேடிக்கையைக் காட்டும்.

பிரேக் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும்

சிவப்பு வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. முதலில் ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், சிரிக்காமல். அது இல்லையென்றால் பிரேக் ஆயில் டப்பாவில் மிதக்கும் ஒரு சின்ன மிதவைதான் இந்த விளக்கைப் போடுகிறது.

பிரேக் பேட் தேயத் தேய, அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். ஆகவே அளவு குறைந்திருந்தால் இரண்டே காரணம்: பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகப் போவது இரண்டையும் மறைக்கும் வேலை. நான்கு சக்கரங்களின் உட்புறத்திலும் ஈரம் இருக்கிறதா பாருங்கள். அலாய் வீலின் இடைவெளி வழியே டார்ச் அடித்தால் பேடின் தடிமன் தெரியும். 3 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. பெடல் மெத்தென்று உள்ளே போனால் வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

மஞ்சள் ஏபிஎஸ் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். சறுக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி மட்டும் இருக்காது. மழைச் சாலையில் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். சக்கரத்தின் உட்புறம் சேறு அப்பியிருக்கிறதா, ஒயர் கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள் (என் கதைதான்). ஆனால் ஏபிஎஸ்ஸும் சிவப்பு பிரேக் விளக்கும் ஒன்றாக எரிந்தால் கதை வேறு. முன் பின் சக்கரங்களுக்கு பிரேக்கைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடும் போயிருக்கலாம். அழுத்திப் பிடித்தால் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஓட்டாதீர்கள்.

செக் என்ஜின்

மஞ்சள் என்ஜின் படம். நிலையாக எரிந்தால் மெதுவாக வீட்டுக்கு ஓட்டிவரலாம். விட்டுவிட்டு மின்னினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, முடிந்த சீக்கிரம் நிறுத்துங்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பற்றாத பெட்ரோல் அப்படியே சைலன்ஸர் குழாய்க்குப் போய், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) எரிந்து அதை நாசமாக்குகிறது என்று பொருள். அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

இங்கேதான் ஓபிடி அடாப்டர் கைகொடுக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம், 16 துளைகள் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். இஎல்எம் 327 வகை அடாப்டரை அதில் செருகி, சாவியை ஆன் செய்து, போனில் செயலியோடு இணைத்தால் ஒரு எழுத்தும் நான்கு எண்களும் கொண்ட கோடு (code, கோளாறுக் குறியீடு) வரும். எழுத்து பி என்றால் என்ஜின், கியர் பக்கம். சி என்றால் பிரேக், ஸ்டியரிங். மலிவான அடாப்டர்கள் பெரும்பாலும் என்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால் பேட்டரியைக் குடிக்கும்.

இந்தக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளும் முன் அழிக்காதீர்கள். கோளாறு வந்த நொடியில் வேகம் என்ன, சூடு என்ன என்ற தகவலையும் கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி "ரீசெட்" செய்வதும் இதே தப்புதான்.

சில கோடுகள் வீட்டிலேயே துப்பறியத் தக்கவை. பி 0300 என்றால் ஏதோ சில சிலிண்டர்களில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாகத் தீப்பற்றவில்லை). பி 0301 என்றால் குறிப்பாக ஒன்றாம் சிலிண்டர். ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் காயில் (பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜ் தரும் பாகம்) உள்ள பெட்ரோல் என்ஜினாக இருந்தால், ஆறிய பிறகு ஒன்றாம் காயிலையும் மூன்றாம் காயிலையும் இடம் மாற்றுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி 0303 வந்தால் காயில்தான் கோளாறு, கூடவே நகர்ந்துவிட்டது. பி 0301லேயே நின்றால் ஸ்பார்க் பிளக்கை அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போகும். அது பட்டறை வேலை.

பி 0171 காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்கிறது. சர்வீஸ் முடிந்து வந்த மறுநாள் இது வந்தால் ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பும் அதிலிருந்து போகும் ரப்பர்க் குழாயும் சரியாக மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பி 0113 வந்தால், உள்ளே போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரின் ஒயர் கழன்றிருக்கலாம். பி 0128 என்றால் என்ஜின் வேண்டிய அளவு சூடாகவில்லை: கூலன்ட் அளவைப் பாருங்கள், சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துக் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்தே மாட்டிக்கொண்டிருக்கலாம். பி 0420 வந்ததும் கன்வெர்ட்டரை மாற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள். சைலன்ஸர் குழாயில் ஓட்டை, ஆக்ஸிஜன் சென்சார் இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அமெரிக்க வீடியோக்களில் பெட்ரோல் மூடியை இறுக்கச் சொல்வார்கள். நம்மூர்ப் பழைய வண்டிகள் பல அதைக் கண்காணிப்பதே இல்லை. இறுக்கிப் பார்ப்பதில் செலவில்லை, அவ்வளவுதான்.

மற்ற மஞ்சள் விளக்குகள்

குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக்குறி என்றால் டயர் காற்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள பிஎஸ்ஐ அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். மார்கழி விடியற்காலையில் எரிந்து மதியம் அணைந்தால் காற்று எல்லைக்கோட்டில் இருக்கிறது. ஒரு நிமிடம் மின்னிப் பிறகு நிலையாக எரிந்தால் சென்சார் பிரச்சினை.

ஏர்பேக் விளக்கில் வீட்டு வைத்தியம் கிடையாது. மஞ்சள் கனெக்டர் எங்கே கண்டாலும் மல்டிமீட்டரை வைக்காதீர்கள், ஏர்பேக் வெடிக்கக்கூடும். சீட்டுக்கு அடியில் குடையோ தண்ணீர் பாட்டிலோ ஒயரில் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதிமுறை வந்த பிறகு டீசல் கார்களில் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) விளக்கு சகஜமாகிவிட்டது. புகைக்கரி வடிகட்டியில் நிறைந்துவிட்டது, எரிக்க நேரம் கொடு என்கிறது. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று தினமும் 3 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு இது வர வாய்ப்பு அதிகம். பைபாஸில் ஏறி 60க்கு மேல் சீராக 15, 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் அணையும். அணையாமல் இழுவை குறைந்தால் பட்டறைதான்.

வெள்ளம் புகுந்த வண்டி

2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நின்ற கார்களில் எத்தனையோ, தண்ணீர் வடிந்ததும் "ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியதில் செத்தன. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளையும். தண்ணீர் உள்தரைவரை வந்திருந்தால் விளக்கு எரிகிறதா என்று பார்க்கக்கூட சாவியைத் தொடாதீர்கள். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி, தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பட்டறையில் என்ன சொல்வது

"மீட்டரில் ஏதோ லைட் வருது" என்றால் அவர் முதலிலிருந்து தேட வேண்டும், அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் காசு தருவீர்கள். நான் இப்போதெல்லாம் இப்படிச் சொல்கிறேன்: "அண்ணே, முந்தாநாள் மழையில நனைஞ்சதும் செக் என்ஜின் வந்துச்சு, இதோ போட்டோ. கோடு பி 0301. ஒண்ணு, மூணு காயிலை மாத்திப் போட்டேன், பி 0303க்குப் போயிடுச்சு. இப்ப மூணுல இருக்கிற காயிலை மட்டும் மாத்துங்க. கழட்டின பழசை டிக்கியில போட்டு வைங்க."